எந்த ஊசி என்று தெரியாத தாய்மார்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபத்தில் வைத்தாய். நானும் கோபத்தில்தான் இருந்தேன், ஆனால் நீ முந்திக்கொண்டாய். திரும்ப எடுத்துச் சண்டையைத் தொடரலாம் என்றுதான் நினைத்தேன். உன் அப்பா, "விடும், அவனும் மருமகளும் பெரிய ஆக்கள், உமக்கேன் இந்த வேலை" என்றார். எனக்கு ஏன் இந்த வேலை என்பதைத்தான் எழுதப் போகிறேன். கடிதம் என்றால் நீ இடையில் புகுந்து "அம்மா, அது இல்லை" என்று சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் இங்கே ரொறன்ரோவில் வருகிற தமிழ்ப் பேப்பருக்கும் ஒரு பிரதி கொடுப்பேன். நீ சொன்னதைச் சொல்கிற பிள்ளைகள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத எனக்கு நேரமில்லை.

அவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மகளுக்கு இரண்டு மாதம் ஆகப் போகிறது, முதல் தடுப்பூசி போடவேண்டும். நகரத்துக்கு வெளியே அஜக்ஸில் நீங்கள் போகிற டொக்டர், உன் மனைவி ரமணியிடம் ஒன்று கேட்டிருக்கிறார். ஒரு புது ஊசியைப் பழைய ஊசியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். விருப்பமென்றால் பிள்ளையைச் சேர்க்கலாம். எந்தப் பிள்ளைக்கு எது என்பது குலுக்கலில் விழும், தாய்க்கும் சொல்லமாட்டார்கள், ஊசி போடுகிற நேர்ஸுக்கும் தெரியாது. வியாழக்கிழமை ஊசிக்குப் போகும்போது பதில் சொல்லவேண்டும். ரமணி யோசிக்கிறாள். நீ யோசிக்கவேயில்லை. "எங்கட பிள்ளை என்ன எலியோ? முதல் வேற ஆக்களின்ர பிள்ளையளுக்கு அடிச்சுப் பார்க்கட்டும். சரிவந்தா நாங்களும் அடிப்பம்" என்றாய். அதில் முதல் பாதிக்கு நான் உன் பக்கம். இரண்டாவது பாதியைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

முதல் பாதியில் இருந்து தொடங்குகிறேன். நீ உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது நான் பின்னேரங்களில் ஒரு கிளினிக்குக்காக ரெலிபோனில் பேசுகிற வேலை செய்தேனே, அந்த நாட்களில் லைப்ரரியில் புத்தகங்கள் எடுத்துத் தடுப்பூசியின் கதையை வாசித்தேன். நான் ஊரில் விலங்கியல் படித்தவள், இங்கே வந்து பெட்டி அடுக்கியவள். படித்ததை எங்கேயாவது இறக்கி வைக்கவேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் புத்தகங்களை வாசித்தபோது, முதல் ஊசி யாருடைய கையில் போனது என்பதை மட்டும் தனியாகக் கவனித்துக்கொண்டு வந்தேன். அம்மைச் சீழைக் கீறி வைத்தால் அம்மை வராது என்ற சங்கதி இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தபோது, தூக்குக்குக் காத்திருந்த கைதிகளிடம் கேட்டார்கள்: இதைச் செய்ய விடுகிறாயா, கயிற்றுக்குப் போகிறாயா என்று. அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? கைதிகள் பிழைத்தார்கள். அது போதவில்லை. அடுத்ததாக அநாதைப் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்தார்கள். அதன்பிறகுதான் அரச குடும்பத்துப் பெண்பிள்ளைகளின் கையில் கத்தி பட்டது. பின்னால், மாட்டுக்கு வருகிற மாட்டம்மையைக் கீறினாலே போதும் என்று கண்டுபிடித்த பெரிய டொக்டர், அதைத் தன் தோட்டக்காரனுடைய மகனுக்குக் கீறினார், பிறகு உண்மையான அம்மையையும் அவனுக்குள் ஏற்றிப் பார்த்தார். அந்தத் தோட்டக்காரன் இரவு நித்திரை கொண்டானா என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. கடல் தாண்டி மாட்டம்மையைக் கொண்டுபோக வழியில்லாதபோது, அநாதைப் பொடியன்களைக் கப்பலில் ஏற்றி, ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்கு மாற்றி மாற்றி உயிரோடு வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நம்முடைய இலங்கையிலும் கதை வேறில்லை. தேயிலைத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தபோது முகாமில் நிறுத்தி அம்மைப்பால் குத்தினார்கள், உனக்குச் சம்மதமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஆகவே எலி என்ற சொல் உன் வாயில் வந்ததற்காக நான் உன்னைத் திட்டமாட்டேன். அந்தச் சொல்லுக்குக் காரணம் இருக்கிறது. ஊசி நல்லது, அது உன்னைக் காப்பாற்றியிருக்கிறது, என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது நல்லது என்று கண்டுபிடிக்க முதலில் நீட்டப்பட்ட கை, மறுத்துப் பேச முடியாதவனின் கை. இதை மறைத்துவிட்டு "விஞ்ஞானத்தின் வெற்றி" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எழுந்துபோகத் தோன்றும்.

இனி இரண்டாவது பாதி. "வேற ஆக்களின்ர பிள்ளைகள்" என்றாயே, அவர்கள் யார்? அஜக்ஸில் வீடு வாங்கிய நீ மாட்டேன் என்கிறாய். உன் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனும் அதைத்தான் சொல்வான். கடைசியில் யார் மிச்சம்? ஸ்காபரோவில் பேஸ்மென்ற்றில் இருந்துகொண்டு, டொக்டர் கேட்டால் இல்லை என்று சொல்லப் பயப்படுகிற, நேற்று வந்த பெண். எங்கள் கட்டடத்தில் எட்டாம் மாடியில் இருக்கிற சோமாலியத் தாய். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், பிறகு நாங்கள் வருகிறோம் என்பதுதானே உன் நியாயம்? அரண்மனையில் இருந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள், தம்பி. அவர்களுக்குத் தோட்டக்காரன் இருந்தான். நீ வீடு வாங்கி இன்னும் புல்லு வெட்டுகிற மெஷின்கூட வாங்கவில்லை, அதற்குள் இந்த நியாயம் வந்துவிட்டது.

சொல்லிவிட்டேன். இப்போது என் கோபம் பாதி இறங்கிவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து எழுதுகிறேன்.

அந்தப் புத்தகங்களில் எனக்குப் பிடித்தது கத்தி வைத்தவர்களின் கதை இல்லை, எண்ணியவர்களின் கதை. அமெரிக்காவில் ஒரு துறைமுக நகரத்தில் அம்மை பரவியபோது, ஆபிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒருவர், எங்கள் ஊரில் இப்படிக் கீறி வைப்போம் என்று தன் எசமானிடம் சொன்னார். அதைக் கேட்டு ஒரு டொக்டர் செய்தபோது, மற்ற டொக்டர்மாரும் சனமும் அவரைக் கொல்ல வந்தார்கள். அவர் கத்திக்கொண்டு நிற்கவில்லை. கீறி வைத்தவர்களில் எத்தனை பேர் செத்தார்கள், தானாக அம்மை வந்தவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான். இன்றைக்கு உனக்கு அது சாதாரணமாய்த் தெரியும். அதுவரை மருத்துவம் என்றால் யார் பெரிய டொக்டர், யார் உரத்துப் பேசுகிறார் என்பதுதான்.

எண்ணுவதிலும் ஏமாறலாம் என்று கண்டுபிடிக்கப் பிறகும் நெடுங்காலம் எடுத்தது. இங்கிலாந்துப் பட்டாளத்தில் நெருப்புக்காய்ச்சலுக்கு, அதுதான் இங்கே ரைபோயிட் என்கிறார்களே, அதற்கு ஊசி போட்டார்கள். விரும்பியவன் போடலாம், விரும்பாதவன் விடலாம். போட்டவர்களுக்குக் காய்ச்சல் குறைவு என்று டொக்டர் மார்தட்டினார். கணக்குப் படித்த ஒருவர் எழும்பி, கொஞ்சம் பொறும் என்றார். தானாக வந்து கையை நீட்டுகிறவன் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவனாயும் இருப்பான், அவனுக்குக் காய்ச்சல் வராமல் விட்டது ஊசியாலா, அவனுடைய கவனத்தாலா? இரண்டு பேரும் பேப்பரில் நாய் பூனைபோல் சண்டை. அந்தச் சண்டையை வாசிக்கும்போது நான் பஸ்ஸில் இருந்துகொண்டு சிரித்தேன். ஒப்பிடுவதென்றால் ஒரே மாதிரி ஆட்களை ஒப்பிடவேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது டொக்டருக்கும் தெரியக்கூடாது, தாய்க்கும் தெரியக்கூடாது. அதற்குத்தான் குலுக்கல். போலியோ ஊசியைப் பார்த்தபோது பெரிய அளவில் அப்படிச் செய்தார்கள். பல இடங்களில் பாதிப் பிள்ளைகளுக்குப் போனது மருந்தே இல்லாத வெறும் திரவம். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்றார்கள், ஊசிக்குழாய்க்கு யார் யார் என்று தெரியாது. அந்த ஊசிக்கு வேண்டிய கிருமியைப் பெருமளவில் வளர்த்தது எங்கே தெரியுமா? இதே ரொறன்ரோவில். பெரிய போத்தல்களில் ஊற்றி, தொட்டில்போல மெல்ல ஆட்டி ஆட்டி வளர்த்தார்கள். அந்த வழியைக் கண்டுபிடித்தது ஒரு பெண். இந்த நகரத்தில் அவளுடைய பெயரைத் தெரிந்த ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

இனி என் வேலையின் கதை. உனக்கு ஞாபகம் இருப்பது, நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு இருந்ததும், உனக்கு வரவேண்டிய அழைப்புகள் வராமல் நீ கதவுகளை அடித்துச் சாத்தியதும் மட்டும்தான். அந்தக் கிளினிக்கும் பழைய ஊசியையும் புது ஊசியையும் ஒப்பிட்டது. எங்கள் தெருவில் இருந்த ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்திருந்தன. ஊசி போட்ட பிறகு பிள்ளை எப்படி இருக்கிறது, பால் குடிக்கிறதா, அழுகிறதா என்று நான் தமிழில் கேட்டு, இங்கிலிஷில் எழுதிக் கொடுக்கவேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்று எனக்கும் தெரியாது. நல்ல வேலை. உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை இந்த நாட்டில் எனக்கு முதல் தரம் கிடைத்தது அப்போதுதான்.

கொஞ்ச நாளில் கிளினிக்கின் பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர், இருக்கச் சொல்லிக் கதிரையை இழுத்துத் தந்தார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஊசி போட்ட மறுநாள் கொஞ்சம் சிணுங்கிவிட்டுச் சரியாகிவிடுகின்றன. நீங்கள் எழுதித் தந்ததைப் பார்த்தால், அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் மட்டும் ஒன்றுமே குடிப்பதில்லை, நித்திரை இல்லை, மெலிந்துகொண்டே போகின்றன. ஆனால் கிளினிக்கில் காய்ச்சல் பார்த்தால் இல்லை, நிறுத்துப் பார்த்தால் நிறை கூடியிருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தாய்மார் சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அப்படியென்றால் அந்தக் கட்டடத்தை முழுதாகக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். மிக இனிமையாகச் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. எண்ணும்போது விட்டுவிடப்படுகிற சனம் என்றால் என்ன என்று எனக்கு இவர் சொல்லித்தரத் தேவையில்லை. நாங்கள் கப்பலேறியும் பிளேனேறியும் வந்தது அதனால்தான்.

அந்தக் கிழமை பிளாசாவில் மல்லிகாவைக் கண்டேன். அந்தக் கட்டடத்துத் தாய்மாரில் அவளும் ஒருத்தி. ரெலிபோனில் அழாத குறையாக, பிள்ளை வாடிப்போச்சு என்று சொன்னவள். தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மகன் கொழுகொழுவென்று, கையில் மடிப்பு மடிப்பாய்ச் சதை, கன்னம் இரண்டும் காதுவரை. வாயில் போத்தல். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்லுறது அக்கா, ஒண்டும் குடிக்கிறானில்லை. எலும்பும் தோலுமாப் போனான்" என்றாள், போத்தலின் அடியைத் தட்டி அவன் உறிஞ்ச வசதியாக நிமிர்த்திக்கொண்டே. நானும் வண்டிக்குள் பார்த்து, "ஓம், கொஞ்சம் வாடித்தான் போனான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் தரிப்பிடம் வரை போன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

நாவூறு, கண்பட்டுவிடும் என்ற பயம். வேறு ஒன்றுமில்லை. நீ குழந்தையாய் இருந்தபோது உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நானும் அதைத்தான் சொன்னேன். சுகமாய் இருக்கிறான், நன்றாய்க் குடிக்கிறான் என்று நம் ஆட்களில் எந்தத் தாய் வாய் திறந்து சொல்லுவாள்? அதுவும் ரெலிபோனில், முகம் தெரியாத ஒருத்திக்கு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல்? தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அத்தனை பேரும் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். நானும் தமிழச்சியாய் இருந்துகொண்டு, அதை இங்கிலிஷில் வரிக்கு வரி உண்மையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கிளினிக்கில் போய்ச் சொன்னேன். நாவூறு என்பதை இங்கிலிஷில் சொல்லி முடிக்கப் பட்ட பாட்டை விடு. டொக்டர் சிரித்தார், கெட்ட சிரிப்பில்லை. ஆனால் இதனால் பதில்கள் பிழை என்பது உறுதியாகிவிட்டதே, எடுத்துவிடுவோம் என்றார். அந்த அறையில் கணக்குப் பார்க்கிற மனிதர் ஒருவர் இருந்தார். எப்போதும் மூக்கடைத்துத் தடிமன் பிடித்த குரல், எப்போதும் அதே பச்சை ஸ்வெட்டர். அவர் என்னைப் பார்த்து, அந்தத் தாய்மாருக்குத் தங்கள் பிள்ளைக்குப் போனது எந்த ஊசி என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். உங்களுக்கு? எனக்கும் தெரியாது. "அப்படியென்றால் பொய்யும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் விழுந்திருக்கும்" என்றார் அவர். பழைய ஊசி போட்ட தாயும் மெலிந்துபோனான் என்கிறாள், புது ஊசி போட்ட தாயும் மெலிந்துபோனான் என்கிறாள். வித்தியாசம் கொஞ்சம் மங்கும், அது நட்டம்தான். ஆனால் தராசு ஒரு பக்கம் சாயாது. ஆட்களைக் கழிக்காதீர்கள், கேள்வியை மாற்றுங்கள் என்றார்.

அந்தத் தாய்மார் கணக்கிலேயே இருந்தார்கள். ஒரு குடும்பத்தையும் கழிக்கவில்லை. கேள்வியை எப்படி மாற்றலாம் என்று என்னையும் இருத்திக் கேட்டார்கள். பிள்ளை எப்படி என்று இனிக் கேட்பதில்லை, நேற்று எத்தனை போத்தல் என்று கேட்போம் என்றேன். மல்லிகா யோசிக்காமல் பதில் சொன்னாள்: "ஆறு போத்தல் அக்கா. அதுக்குப் பிறகும் கேட்டு அழுகை." ரெலிபோனை வைத்துவிட்டு நான் தனியாக இருந்து சிரித்ததை நீ பார்த்து, அம்மாவுக்கு என்ன நடந்தது என்று அப்பாவைக் கேட்டாய்.

இந்த நாட்டில் எனக்கு நிம்மதி வந்தது எப்போது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பச்சை ஸ்வெட்டரைத்தான் நினைப்பேன். அந்த மனிதர் எங்கள் மேல் இரக்கப்பட்டு அப்படிச் சொல்லவில்லை. இரக்கமென்றால் எனக்கு ஆத்திரம்தான் வந்திருக்கும். அவருடைய கணக்கில் மல்லிகாவின் மகனும் ஒன்று, வேறொரு தெருவில் பெரிய வீட்டில் இருக்கிறவனின் மகனும் ஒன்று. அதற்குமேல் எதுவுமில்லை. நான் வந்த இடத்திலிருந்து பார்த்தால் அது பெரிய விஷயம்.

அதனால்தான், யாருக்கு எது என்று சொல்லமாட்டார்களாம் என்று நீ பல்லைக் கடித்தபோது எனக்குத் தாங்கமுடியவில்லை. அந்த மறைப்பு உன்னை முட்டாளாக்க இல்லை. ஊசி விற்கிற கொம்பனிக்குத் தன்னுடைய புது ஊசி வெல்லவேண்டும் என்று ஆசை, டொக்டருக்குத் தான் நினைத்தது சரிவரவேண்டும் என்று ஆசை, தாய்க்குத் தன் பிள்ளைக்கு நல்லது கிடைத்திருக்கவேண்டும் என்று ஆசை. எல்லோருடைய வாயையும் ஒன்றாய்க் கட்டிவைக்கிறார்கள். கொம்பனிக்காரனை நான் நம்பச் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை. அவனை நம்பாமல் இருக்க மனிதன் கண்டுபிடித்த வழிகளில் இது ஒன்று என்றுதான் சொல்கிறேன்.

கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டும். பிள்ளைக்குச் சுகமில்லாமல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, பிடிக்காவிட்டால் இடையில் விலகலாமா, பிழையாகப் போனால் யார் நிறுத்துவது. ரமணி இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். டொக்டர் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தி. உனக்கு இது தெரியாது, ஏனென்றால் நீ அவளைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவள்தான் எனக்கு ரெலிபோன் எடுத்தாள். "மாமி, அவர் எலி எண்டு சொன்னாப் பிறகு எனக்கு வாய் திறக்க ஏலாமப் போச்சு. சம்மதம் எண்டா நான் பிள்ளையில பாசமில்லாதவள் எண்டு ஆகுதெல்லோ" என்றாள். இதைக் கேட்டபோதுதான் பேனையை எடுத்தேன். ஊசியைப் பற்றி நீ பிழையாய் நினைக்கலாம், அதைப் பேசித் தீர்க்கலாம். உன் வீட்டில் ஒருத்தி வாயைத் திறக்கப் பயப்படுகிறாள் என்றால் அதை நான் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன், நீ என் மகனாய் இருந்தாலும்.

உனக்குக் குக்கல் வந்த கதை உனக்குத் தெரியும். மூன்றாவது ஊசி போட முன்பே அந்த இருமல் உன்னைப் பிடித்துவிட்டது. இருமி இருமி முகம் நீலமாகும், பிறகு ஒரு இழுப்பு, அந்த இழுப்பு வரும்வரைக்கும் நானும் மூச்சு விடமாட்டேன். நீ பிழைத்தாய். இன்று ரமணி உன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் தும்மினால்கூட எனக்கு ரெலிபோன் எடுக்கிறாள், நான் சிரிக்கிறேன். இப்படிச் சிரிக்க முடிகிறதே என்பது எனக்குப் போதும். முன்பின் தெரியாத எத்தனையோ தாய்மார் தங்கள் பிள்ளையின் கையை நீட்டியிருக்கிறார்கள். சிலரை வற்புறுத்தி, சிலரை ஏமாற்றி, சிலர் தாங்களாக விரும்பி. கடைசியில் சொன்னவர்களோடு நிற்க ரமணி விரும்புகிறாள். மாட்டேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது, அந்தத் தோட்டக்காரனுக்கு இல்லாத உரிமை. சொல்வதென்றால் எனக்குப் பயமாய் இருக்கிறது, அதனால் மாட்டேன் என்று சொல். அதை நான் மதிப்பேன். வேறு ஆட்களின் பிள்ளைகள் முதல் போகட்டும் என்று மட்டும் இனிமேல் என் காதில் விழச் சொல்லாதே.

வியாழக்கிழமை நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையில் 'கோ' ரெயின் ஏறி வருகிறேன், ஸ்டேஷனுக்குக் காரைக் கொண்டு வா. நீங்கள் இரண்டு பேரும் பேசி என்ன முடிவெடுத்தாலும் சின்னவளுக்கு அன்றைக்கு ஒரு ஊசி உண்டு, புதியதோ பழையதோ. அவள் கத்துவாள். ரமணி அவளை மடியில் வைத்துப் பிடித்திருப்பாள். நீ, காரை நல்ல இடத்தில் விட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று மெல்ல வெளியே போகப் பார்ப்பாய். போகாதே. உள்ளே வந்து சின்னவளுடைய மற்றக் கையைப் பிடி.

அம்மா